மூன்று நிமிடத்தில் திருச்சி

'சென்னையிலிருந்து திருச்சிக்கு மூன்றே நிமிடம்' என்ற விளம்பரத்தை எழுதியவள் ரெஜினா. 'அண்மை ஏர்வேஸ்' நிறுவனத்தின் மக்கள் தொடர்பு மேலாளர். பொய் என்று நினைத்து அவள் அதை எழுதவில்லை. முதல் விமானத்தில் அவளே போய்ப் பார்த்தாள். உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டு, பணிப்பெண் ஆக்ஸிஜன் முகமூடியை எப்படி மாட்டுவது என்று காட்டி முடிப்பதற்குள் கீழே காவிரி தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரர் காப்பி கேட்டார். "இறங்கிக் குடிச்சுக்குங்க சார்" என்றார்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் முன்பு முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மணி நேரப் பயணம். இப்போது அதே தூரம் எட்டு கிலோமீட்டர்தான். விமானங்கள் பறக்கும் உயரத்தில் வெளியையே மடித்துச் சுருக்கும் வித்தையை அண்மையின் பொறியாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். "எட்டு கிலோமீட்டருக்கு எதுக்கு விமானம், பஸ்ஸே விடலாமே?" என்று ஒரு நிருபர் கேட்டார். "வானத்துல பஸ் ஓட்ட இன்னும் பர்மிட் தரல" என்றார் நிர்வாக இயக்குநர் கோவர்த்தன். கூட்டம் கைதட்டியது. டிக்கெட் விலையைப் பற்றி அதன்பிறகு யாரும் கேட்கவில்லை.

ரெஜினாவுக்கு இதில் சொந்த மகிழ்ச்சியும் இருந்தது. அவள் கணவன் தனிஸ்லாஸ் மாதாகுறிச்சியில் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். திருச்சியில் இறங்கி, டவுனுக்கு வந்து, அங்கிருந்து வயல்களுக்கு நடுவே ஆறு கிலோமீட்டர் போனால் மாதாகுறிச்சி. கல்யாணமான நாளிலிருந்து சனி ஞாயிறு மட்டும்தான் குடும்பம்.

"இனிமே தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடுவேங்க" என்றாள் போனில்.

"தினமுமா?" என்றார் தனிஸ்லாஸ்.

அந்தக் குரலில் இருந்தது ஆனந்தமா அதிர்ச்சியா என்று அவள் அப்போது ஆராயவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கிளம்பினாள். மூன்று நிமிடத்தில் திருச்சி. டாக்சியில் டவுன். டவுனில் ஒரு ஆட்டோ பிடித்தாள். ஆட்டோ போனது, போய்க்கொண்டே இருந்தது. சாலையோரப் பனைகள் ஒட்டி ஒட்டி நிற்பது வழக்கம். அன்று ஒரு பனை கண்ணை விட்டு மறைந்து வெகுநேரம் கழித்தே அடுத்த பனை தென்பட்டது. மின்கம்பங்களுக்கு இடையே கம்பிகள் தையல் நூல் போல மெலிந்து தொங்கின.

"அண்ணே, வழி மாறிட்டீங்களா?"

"இந்த ரோட்டுல மாறுறதுக்கு வேற வழி எங்கம்மா இருக்கு?" என்றார் ஆட்டோக்காரர். சற்று தூரத்தில் வண்டியில் கேஸ் தீர்ந்தது.

தனிஸ்லாஸுக்குப் போன் போட்டாள். "நேத்துலேர்ந்து இப்படித்தான் ரெஜி" என்றார் அவர். "காலையில போன பால் வண்டி இன்னும் டவுனுக்குப் போய்ச் சேரலயாம். சரி, கொள்ளிடம் பக்கமா போகலாம்னு பார்த்தா அக்கரையே கண்ணுக்குத் தெரியல."

மறுநாள் மத்தியானம், ஒரு செங்கல் லாரியின் முன்சீட்டில் அவள் ஊர் வந்து சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததுமே திரும்பக் கிளம்பிவிட வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் தலைமைப் பொறியாளர் வைதேகியின் அறைக்குள் நுழைந்தாள். வைதேகி அவள் வயதுக்காரி. மதியம் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

"மேல சுருக்கின தூரம் எங்க போச்சு வைதேகி?"

வைதேகி எழுந்து நின்று தன் புடவையின் முன்கொசுவத்தைக் காட்டினாள். "இது விரிச்சா எவ்வளவு நீளம்? கொசுவிச் சொருகினா ஒரு சாண். துணி எங்கயாவது காணாமப் போச்சா? உள்ள இருக்கு. தூரமும் அப்படித்தான். மேல இழுத்துப் பிடிச்சா கீழ எங்கயாவது தொங்கும். எல்லா ஊருலயும் கொஞ்சம் கொஞ்சமா தொங்க விட்டா எல்லாரும் கத்துவாங்க. அதனால ஒரே இடத்துல இறக்கிட்டோம்."

"அந்த இடத்தை யாரு முடிவு பண்ணினா?"

"கம்ப்யூட்டர்தான். எதிர்ப்பு கம்மியா இருக்கிற இடத்தைத் தேடச் சொன்னோம். பத்து வருஷத்துல அரசாங்கத்துக்கு ஒரு புகார்கூட போகாத ஊர் தமிழ்நாட்டுலயே ஒண்ணுதான் கிடைச்சுது. ஏதோ மாதாகுறிச்சியாம். குழாயில வாரத்துக்கு ஒரு தடவை தண்ணி வந்தப்பகூட அங்க யாரும் மனு கொடுக்கல."

"அவங்க மாதாகிட்ட சொல்லுவாங்க. கோயில்ல மெழுகுவத்தி ஏத்திச் சொல்லுவாங்க."

"அது எங்க கணக்குல வராது ரெஜினா." சொன்ன பிறகுதான் வைதேகிக்கு ஏதோ உறைத்தது. "உனக்கெப்படி அந்த ஊரைத் தெரியும்?"

"நான் வாக்கப்பட்ட ஊரு."

கோவர்த்தன் இதைக் கேட்டுச் சங்கடப்படவில்லை, சந்தோஷப்பட்டார். "அப்ப உங்களுக்கு அங்க எல்லாரையும் தெரியும். ரொம்ப நல்லதாப் போச்சு. நீங்களே போய்ப் பேசிச் சமாதானப்படுத்திட்டு வாங்கம்மா."

சமாதானக் கூட்டம் கோயில் வளாகத்தில் நடந்தது. அரசு சார்பில் ஓர் அதிகாரி வந்திருந்தார். ஹெலிகாப்டரில் வந்தார். அதுவும் வழியில் ஒருமுறை இறங்கி எண்ணெய் போட்டுக்கொண்டு வந்ததால் கூட்டம் தாமதமாகத் தொடங்கியது.

"மாதாகுறிச்சிக்கும் டவுனுக்கும் ஆறு கிலோமீட்டர். நெடுஞ்சாலைத் துறை கல்லுலயே எழுதியிருக்கு" என்று ஆரம்பித்தார் அதிகாரி.

"கல்லுல இருக்குங்க சார். காலுலதான் இல்ல" என்றார் தனிஸ்லாஸ்.

ஞானப்பிரகாசம் என்ற விவசாயி எழுந்தார். "ரோட்டோரத்துல எனக்கு ரெண்டு ஏக்கருங்க. இப்ப பார்த்தா நூறு ஏக்கருக்கு மேல இருக்கும்போல. ஆனா நாத்து அதே நாத்துதான். ஒரு நாத்துக்கும் அடுத்த நாத்துக்கும் நடுவுல மாட்டுவண்டியே போகலாம். களை எடுக்கப் போன பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்க முடியல. போன்ல பேசிக்கிட்டு களை எடுக்கிறாங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "நிலம் நீண்டிருக்கிறதை ஒத்துக்கிறீங்க இல்லையா? அப்ப கூடுதல் நிலத்துக்குத் தீர்வை கட்டணும்."

"அப்ப ரோடும் நீண்டிருக்குன்னு ஒத்துக்குவீங்களா?"

"அது வேற துறை" என்றார் அதிகாரி.

கூட்டம் முடிந்து கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். ஊருக்குள் தூரம் பழையபடிதான் இருந்தது. ஊரைச் சுற்றித்தான் பிரச்சினை.

"கூட்டத்துல நீ ஒரு வார்த்தை பேசல" என்றார் தனிஸ்லாஸ்.

"நான் கம்பெனி ஆளா வந்திருக்கேங்க. என்ன பேசச் சொல்றீங்க?"

"வாத்தியார் பொண்டாட்டியா வந்திருக்கலாம்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் எதிரே பிலோமினா வந்துவிட்டாள். பள்ளியின் சத்துணவு அமைப்பாளர். சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டவுனில் டயாலிசிஸ் செய்துகொள்கிறவள். முன்பெல்லாம் காலையில் ஸ்கூட்டியில் போய் மாலையில் திரும்பிவிடுவாள். இப்போது முந்தின நாளே ஆம்புலன்ஸில் கிளம்பினாள். திரும்பி வந்து துணி மாற்றுவதற்குள் அடுத்த முறை வந்துவிட்டது.

"உன் விளம்பரத்தை டிவியில பார்த்தேன்டி. நல்லா இருந்துச்சு" என்றாள் பிலோமினா. அதில் குத்தல் எதுவும் இல்லை என்பதுதான் ரெஜினாவைக் குத்தியது. "மூணே நிமிசமாமே! ஒரு தடவை அதுல போய்ப் பார்க்கணும்."

"அக்கா, பேசாம டவுன்ல ஒரு ரூம் எடுத்துத் தங்கிடுங்களேன். கம்பெனியைக் கொடுக்கச் சொல்றேன்."

"தங்கலாம். இந்தப் புள்ளைங்களுக்கு யாரு சோறாக்குறது? அந்தப் பாழாப்போன ரோட்டுல புது ஆளு யாரு வருவா?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா. நான் சரி பண்ணிடுறேன்."

"நீ பண்ணுவடி. படிச்ச புள்ள" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா மூச்சு வாங்கப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.

ரெஜினா சென்னை திரும்பி, விடாமல் நச்சரித்து, ஒரு குழுவை அமைக்க வைத்தாள். குழு முதல் கூட்டத்தில் தன் பெயரை முடிவு செய்தது. 'தூர மறுபங்கீட்டுக் குழு' என்பதில் 'மறு' இருக்கலாமா, அது ஏற்கெனவே ஒரு பங்கீடு நடந்ததை ஒப்புக்கொள்வதாகிவிடாதா என்று வழக்கறிஞர் கேட்டதால் இரண்டாவது கூட்டத்திலும் பெயரையே பேசினார்கள். மூன்றாவது கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது தனிஸ்லாஸிடமிருந்து போன் வந்தது.

பிலோமினா ஆம்புலன்ஸிலேயே இறந்துவிட்டாள். வழியில் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் முருகையன் நிற்காமல்தான் ஓட்டியிருக்கிறார். ஊருக்கும் டவுனுக்கும் நடுவே, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு விளக்குகூட இல்லாத இடத்தில் அவள் மூச்சு நின்றிருக்கிறது.

கோவர்த்தன் ரெஜினாவைக் கூப்பிட்டு அறிக்கை தயாரிக்கச் சொன்னார். குறிப்புகளை வழக்கறிஞர் ஏற்கெனவே தந்திருந்தார். ஆவணங்களின்படி ஆறு கிலோமீட்டருக்குள் மருத்துவமனை உள்ளது. அந்தத் தூரத்தைக் கடக்க ஆம்புலன்ஸ் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதற்கு ஓட்டுநரின் அலட்சியமே காரணம். நிறுவனம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது.

அவள் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு தனிஸ்லாஸைக் கூப்பிட்டாள். என்ன எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்பதைச் சொன்னாள்.

"முருகையனை ஏற்கெனவே சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க" என்றார் அவர். "நீ எழுதினா அவருக்கு வேலையே போயிடும். எழுது ரெஜி. உனக்குத்தான் நல்லா எழுத வருமே."

அவள் எழுதவில்லை. கணினியை மூடிவிட்டு கோவர்த்தனின் அறைக்குப் போனாள். இரங்கல் வரியை மட்டும் தருவதாகவும், மற்றதை வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும் என்றும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. எதற்கும் கோபப்படாததால்தான் அந்த நாற்காலி வரை வந்தவர்.

"எனக்கு மட்டும் வருத்தம் இல்லையாம்மா? வேற இடம் சொல்லுங்க, தூரத்தை அங்க மாத்திடலாம்."

வேறு இடம்தான் யாருக்கும் கிடைக்கவில்லை. கடலில் இறக்கலாம் என்றார் ஒருவர். மீன்பிடிக்கப் போன படகுகள் கரை திரும்பாது. மலையில் இறக்கலாம் என்றார் இன்னொருவர். அங்கே ரேஷன் அரிசிக்கு ஏற்கெனவே ஒரு பகல் நடக்கிறவர்கள் இருந்தார்கள். பக்கத்து மாநிலத்தில் இறக்கலாமே என்ற யோசனைக்குப் பலத்த வரவேற்பு கிடைத்தது. ஆனால் அவர்களிடமும் மடிப்பு எந்திரம் இருப்பதாகவும், அவர்கள் ஏற்கெனவே நம் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் தகவல் வந்தது.

ரெஜினா மறுபடியும் வைதேகியின் அறைக்குப் போனாள். வைதேகியின் முன்னால் சாப்பாட்டு டப்பா திறக்காமல் இருந்தது.

"அந்தம்மா எந்த இடத்துல செத்தாங்கன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்றாள் வைதேகி. "பழைய ரோடா இருந்தா அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகாது ரெஜினா."

"புகாரே சொல்லாத இடம்னு தேடித்தானே மாதாகுறிச்சியைப் பிடிச்சீங்க? அது ஊராத்தான் இருக்கணுமா?"

"புரியல."

"நம்ம டெர்மினலுக்கு வர்றவங்களைப் பார்த்திருக்கியா? பெல்ட்டைக் கழட்டுன்னா கழட்டுறாங்க. செருப்பைக் கழட்டுன்னா கழட்டுறாங்க. வரிசையில நில்லுன்னா எதுக்குன்னு கேக்காம நிக்கிறாங்க. விமானம் லேட்டுன்னா தரையில படுத்துத் தூங்குறாங்க. செக்யூரிட்டி தாண்டினதுக்கும் விமானத்தோட வாசலுக்கும் நடுவுல இறக்கு. எல்லாத்தையும்."

வைதேகி அவளையே பார்த்தாள். "மந்திரி, நடிகருங்க, கம்பெனி முதலாளிங்க எல்லாம் வர்ற இடம். அத்தனை பேரும் நடக்கணும்."

"நடக்கட்டும். ஒரே ஒரு நாள் அவங்க நடந்தாப் போதும். மறுநாளே இந்த மடிப்பை மொத்தமா எடுத்துடுவாங்க. அதுதான் எனக்கு வேணும்."

கோவர்த்தனிடம் கேட்டால் குழு போடுவார். அதனால் அவரிடம் கேட்கவில்லை. அன்று பிற்பகல் வைதேகி தூரத்தை இடம் மாற்றினாள். மாதாகுறிச்சிச் சாலையில் பனைகள் பழையபடி நெருங்கி நின்றதாகத் தனிஸ்லாஸ் போனில் சொன்னார்.

மறுநாள் காலை ரெஜினா டெர்மினலில் போய் நின்றாள். செக்யூரிட்டியைத் தாண்டியதும் நடைக்கூடம் நீண்டுகிடந்தது. அதன் மறுமுனை தெரியவில்லை. மேற்கூரையும் தரை ஓடுகளும் தொடுவானம் வரை போய் அங்கே ஒரு புள்ளியாயின. முதல் பயணிகள் பைகளை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். இதோ ஒருவர் கத்தப் போகிறார். இதோ மந்திரியின் உதவியாளர் போனை எடுக்கப் போகிறார்.

"மூணாம் நம்பர் கேட் எங்கங்க?" என்றார் முதலில் வந்தவர்.

"நேரா போங்க சார்" என்றார் காவலர்.

அவர் நேராகப் போனார். அடுத்தவரும் போனார். செல்போனைப் பார்த்தபடி ஒரு குடும்பமே போனது. மந்திரி பேட்டரி காரில் போனார். நெடுந்தொலைவு போன பிறகு ஒரு பெரியவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "முன்னைவிட பெருசா கட்டியிருக்காங்க, இல்ல?" என்று மனைவியிடம் பெருமையோடு சொன்னதாகப் பிறகு தெரியவந்தது.

ஒரு வாரத்தில் நகரும் நடைபாதைகள் போடப்பட்டன. ஒரு மாதத்தில் இருபுறமும் கடைகள் வந்தன. பட்டுப்புடவை, வாசனைத் திரவியம், பாதி வழியில் கால் அமுக்கிவிடும் நாற்காலி, முக்கால் வழியில் தங்கும் அறை. காலையில் டெர்மினலுக்குள் நுழைந்தவர்கள் மறுநாள் பொழுது சாயும்போது விமானத்தில் ஏறினார்கள். ஏறிய மூன்று நிமிடத்தில் திருச்சியில் இறங்கி, "மூணே நிமிஷம்ப்பா!" என்று வீட்டுக்குப் போன் செய்தார்கள்.

வேலை போய்விடும் என்று நினைத்தபடிதான் ரெஜினா கோவர்த்தனின் அழைப்புக்குப் போனாள். அவர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

"சென்ட் கணக்குலகூட நிலம் வாங்க முடியாத ஊர்ல, காசில்லாம முந்நூறு கிலோமீட்டர் கடைவீதி வாங்கிக் கொடுத்திருக்கீங்க. எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா." அவளைத் துணைத் தலைவராக்கியிருப்பதாகச் சொன்னார். வைதேகிக்கும் பதவி உயர்வு உண்டு. அந்தப் பதவியை ரெஜினா மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தாள்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது முருகையன் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். விசாரணை தொடங்கியிருந்தது. விசாரணை அதிகாரி காரில் வந்து டவுனிலிருந்து மாதாகுறிச்சிக்குத் தூரத்தை அளந்து பார்த்தார். ஆறு கிலோமீட்டர்தான் இருந்தது. பத்தே நிமிடத்தில் வந்துவிட்டார்.

"இந்த ரோட்டுல அவ்வளவு நேரம் என்னய்யா பண்ணின, குடிச்சிருந்தியான்னு கேக்குறாருங்க" என்றார் முருகையன். "நான் என்னத்தைக் காட்டுறது? ஊர்க்காரங்க சொன்னா, நீங்க எல்லாம் ஒரே ஊரு, பேசி வச்சுக்கிட்டு சொல்றீங்கன்றாரு."

அவர் போன பிறகு தனிஸ்லாஸ் சொன்னார்: "ரோட்டைத் திருப்பிக் கொடுத்த. நல்லதுதான். ஆனா சாட்சியும் அதோட போயிடுச்சு."

"நான் இருக்கேன்ல" என்றாள் ரெஜினா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன் வேலை?"

"அதுக்குத்தான் இன்னும் பதில் சொல்லாம வச்சிருக்கேன்."

விசாரணைக்கு அடுத்த தேதி ஒரு சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமை மதியம் ரெஜினா கிளாம்பாக்கம் போய்த் திருச்சி பஸ்ஸில் ஏறினாள். விமானத்தில் போனால் நடந்து, நகர்ந்து, கடைகளைக் கடந்து நேரத்துக்குப் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. பஸ்ஸில் ஐந்தரை மணி நேரம். பின்பக்கம் ஒரு சீட்தான் காலியாக இருந்தது. ஜன்னலோரம் ஒருவர் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, முகக்கவசத்தோடு வெளியே பார்த்தபடி இருந்தார். அவள் உட்கார்ந்ததும் அவர் தன் பையை மடிக்கு மாற்றினார். பையில் அண்மை ஏர்வேஸின் முத்திரை இருந்தது.

"சார்?" என்றாள் ரெஜினா.

கோவர்த்தன் முகக்கவசத்தை மெல்ல இறக்கினார். "சத்தமா பேசாதீங்கம்மா. நாளைக்குக் காலையில திருச்சியில ஒரு திறப்பு விழா. நான்தான் ரிப்பன் வெட்டணும். அவசரம். விமானத்தை நம்பிக் கிளம்ப முடியாது." பிறகு, "நீங்க எங்க, வீட்டுக்கா?" என்றார்.

"முருகையனோட விசாரணைக்கு சார். தூரத்தை எங்கே இறக்கினோம், எப்போ மாத்தினோம்னு சொல்லப் போறேன். வைதேகியும் நாளைக்கு வர்றா."

அவர் அவளைப் பார்த்தார். வழக்கம்போலக் கோபப்படவில்லை. ஆனால் முதல் தடவையாக அவர் முகத்தில் பயம் தெரிந்தது. வழக்கு, நஷ்டஈடு, செய்தித்தாள் என்று என்னவெல்லாமோ கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நான் பஸ்ஸுல வந்ததையும் சொல்லுவீங்களா?"

"கேட்டா சொல்லுவேன் சார்."

கண்டக்டர் வந்து நின்றார். "ரெண்டு பேரும் திருச்சியா?"

"ஆமா" என்றாள் ரெஜினா. கோவர்த்தன் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.